நகர வளர்ச்சியை முன்மதிப்பிடுதல்: ஐதராபாத் தரும் பாடம்

ஒரு நகரம் அடுத்த முப்பது ஆண்டுகளில் எந்தத் திசையில், எவ்வளவு வளரும்? அங்கே குடியேறும் மக்கள் எவ்வாறு பயணம் செய்வார்கள்? இவ்விரு வினாக்களுக்கும் விடை கூறாமல் எந்த நகர்ப்புறத் திட்டத்தையும் தீட்ட இயலாது. பாதை அமைக்கவும் பாலம் கட்டவும் இன்று செலவிடும் பணம், பல ஆண்டுகள் கழித்து வரப்போகும் பயணிகளை நம்பிச் செலவிடப்படுகிறது. அப்பயணிகள் வராவிட்டால் கடனும் வட்டியும் எஞ்சும். எதிர்பார்த்ததற்கு மேல் வந்துவிட்டால் நெரிசலும் விபத்தும் பெருகும். ஆகவே, முன்மதிப்பீடு என்பது பொதுப்பணம் சார்ந்த பெரும் பொறுப்பாகும்.

எந்த முன்மதிப்பீடும் முற்றிலும் பலிப்பதில்லை. மதிப்பீடு தவறினால் அதன் சுமையை யார் தாங்குவது, எவ்வளவு தாங்குவது என்பதை முன்கூட்டியே வகுத்துக்கொள்வதே இடர் மேலாண்மையின் சாரம். இதனை விளக்குவதற்கு ஐதராபாத் நகரத்தின் அனுபவத்தைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு நம் நாட்டில் அரிது. நில வளர்ச்சியை நம்பிப் போக்குவரத்தும், போக்குவரத்தை நம்பி நில வளர்ச்சியும் அங்கே ஒரே ஒப்பந்தத்தில் பிணைக்கப்பட்டன.

நிலமும் பாதையும்

நிலப் பயன்பாடும் போக்குவரத்தும் ஒன்றையொன்று வளர்ப்பவை. பாதை வந்தால் அதையொட்டிய நிலத்திற்கு எளிதில் சென்று வர முடிகிறது. நிலத்தின் மதிப்பு உயர்கிறது. வீடுகளும் அலுவலகங்களும் எழுகின்றன. அவற்றிலிருந்து புதிய பயணங்கள் தோன்றுகின்றன. அப்பயணங்களுக்கு மேலும் பாதை தேவைப்படுகிறது. இந்தச் சுழற்சி வேகமாகவும் சுழலலாம். தொடங்காமலே தேங்கியும் போகலாம்.

ஐதராபாத்தின் மேற்குப் பகுதி இதற்குச் சான்று. 1998 நவம்பரில் மாதாப்பூரில் சைபர் டவர்ஸ் கட்டடம் திறக்கப்பட்டபோது அதைச் சுற்றிப் பாறையும் வெற்று நிலமுமே மிகுதியாக இருந்தன. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் அங்கே வந்து குவிந்தன. 2001இல் அப்பகுதிக்கெனத் தனி வளர்ச்சி ஆணையம் ஏற்பட்டது. 2008 மார்ச்சில் சம்சாபாத்தில் புதிய விமான நிலையம் செயற்படத் தொடங்கியது. நகரைச் சுற்றி 158 கிலோமீட்டர் நீளமுள்ள எட்டு வழி வெளிவட்டச் சாலை படிப்படியாக அமைந்தது. 1975இல் தொடங்கப்பட்ட நகர்ப்புற வளர்ச்சி ஆணையத்தின் இடத்தில், 2008இல் ஐதராபாத் பெருநகர வளர்ச்சி ஆணையம் வந்தது. இருபது ஆண்டுகளுக்குள் நகரின் வேலைவாய்ப்பு மையம் சார்மினார், அபிட்ஸ் பகுதிகளிலிருந்து பல கிலோமீட்டர் மேற்கே நகர்ந்தது.

மொத்தத் தொகை ஏமாற்றும்

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஐதராபாத் நகர்த் திரளின் மக்கள்தொகை 1981இல் சுமார் 25 லட்சம்; 1991இல் சுமார் 43 லட்சம்; 2001இல் சுமார் 57 லட்சம்; 2011இல் சுமார் 77 லட்சம்.

1991இல் ஒரு திட்ட அலுவலர் முந்தைய பத்தாண்டின் வளர்ச்சி வீதத்தை அப்படியே நீட்டியிருந்தால், 2001இல் மக்கள்தொகை ஏறத்தாழ 74 லட்சம் ஆகும் என்று கணக்கிட்டிருப்பார். உண்மையில் வந்தது 57 லட்சம். பிழை ஏறத்தாழ 17 லட்சம். இதற்கு ஒரு காரணம், நகர்த் திரளின் எல்லை கணக்கெடுப்புக்குக் கணக்கெடுப்பு விரிந்தது. எல்லை விரிந்ததால் கூடிய மக்களையும், பிறப்பாலும் குடிபெயர்வாலும் கூடிய மக்களையும் பிரித்துப் பார்க்காமல் வளர்ச்சி வீதத்தை நீட்டுவது தவறான முடிவையே தரும்.

அடுத்த பத்தாண்டில் நேர்ந்தது வேறு. 1991–2001 வளர்ச்சி வீதத்தை நீட்டியிருந்தால் 2011இல் சுமார் 76 லட்சம் என்ற விடை வரும். உண்மைக்கு அது மிக அருகில் உள்ளது. ஆனால், மொத்தத் தொகை சரியாக இருந்ததால் திட்டம் சரியாகிவிடாது. அம்மக்கள் எங்கே குடியேறினார்கள், எங்கே வேலைக்குச் சென்றார்கள் என்பதே பாதை அமைப்பவருக்குத் தேவையான செய்தி. வளர்ச்சியின் பெரும்பகுதி பழைய மாநகராட்சி எல்லைக்கு வெளியிலிருந்த நகராட்சிகளில் நிகழ்ந்தது. 2007இல் சுற்றுப்புற நகராட்சிகளை இணைத்துப் பெரு மாநகராட்சி அமைத்தபோது மாநகராட்சியின் பரப்பு மும்மடங்குக்கு மேல் பெருகியது.

2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு பெருந்தொற்றால் தள்ளிப்போனதால், அதன் பின்னர் தீட்டப்பட்ட திட்டங்கள் பலவும் 2011ஆம் ஆண்டுத் தொகையையே அடிப்படையாகக் கொண்டன என்பதும் கருதத்தக்கது.

கணக்கிடும் முறை

போக்குவரத்துப் பொறியியலில் நான்கு படிகள் கொண்ட முறை நெடுநாளாக வழக்கில் உள்ளது. நகரம் சிறு சிறு வட்டாரங்களாகப் பிரிக்கப்படுகிறது. முதற்படியில், ஒவ்வொரு வட்டாரத்திலிருந்தும் எத்தனை பயணங்கள் புறப்படும், எத்தனை வந்து சேரும் என்று மக்கள்தொகை, வேலைவாய்ப்பு, வருவாய் ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடுவர். இரண்டாம் படியில், எந்த வட்டாரத்திலிருந்து எந்த வட்டாரத்திற்கு எத்தனை பயணங்கள் என்று பங்கிடுவர். மூன்றாம் படியில், அப்பயணங்களில் பேருந்து, ரயில், இருசக்கர வாகனம், கார் ஆகியவற்றின் பங்கு எவ்வளவு என்று மதிப்பிடுவர். நான்காம் படியில், அவை எந்தெந்தச் சாலை வழியாகவும் பாதை வழியாகவும் செல்லும் என்று நிர்ணயிப்பர்.

ஒவ்வொரு படியும் முந்தைய படியின் விடையை எடுத்துக்கொண்டு பெருக்குகிறது. ஆகவே பிழைகளும் பெருகுகின்றன. இதனைக் கற்பனையான ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம்.

ஒரு புதிய அலுவலக வட்டாரத்தில் 1 லட்சம் பேர் பணியாற்றுவார்கள் என்று கொள்வோம். ஒருவருக்கு நாளொன்றுக்கு இரண்டு பயணம் வீதம் 2 லட்சம் பயணங்கள். அவற்றில் 20 சதவீதம் மெட்ரோ ரயிலுக்கு வந்தால் 40,000 பயணங்கள். இப்போது மூன்று மாற்றங்கள் நேர்கின்றன. கட்டடங்களில் 80 சதவீதமே நிரம்புகிறது. நிலையத்திலிருந்து அலுவலகம் செல்லச் சிற்றுந்து வசதி இல்லாததால் மெட்ரோவின் பங்கு 20இலிருந்து 15 சதவீதமாகக் குறைகிறது. பணியாளர்கள் வாரத்தில் ஐந்து நாட்களுக்குப் பதிலாக மூன்று நாட்களே அலுவலகம் வருகிறார்கள். தனித்தனியே பார்த்தால் எதுவும் பேரிடர் அன்று. மூன்றும் சேர்ந்தால் 40,000 பயணங்கள் சராசரியாக 14,400 ஆகச் சுருங்குகின்றன. எதிர்பார்த்ததில் 36 சதவீதமே கிட்டுகிறது.

மெட்ரோ ரயில்: இரு மதிப்பீடுகள் மீது எழுந்த திட்டம்

ஐதராபாத்தில் மெட்ரோ ரயிலை அரசு–தனியார் கூட்டு முறையில் அமைக்க முடிவு செய்யப்பட்டது. மூன்று வழித்தடங்கள், மொத்தம் சுமார் 71 கிலோமீட்டர். தனியார் நிறுவனம் கட்டி, 35 ஆண்டுகள் இயக்கி, பின்னர் அரசிடம் ஒப்படைக்க வேண்டும்.

2008இல் நடந்த முதல் ஏலத்தில் மேட்டாஸ் நிறுவனம் தலைமையிலான கூட்டமைப்பு வென்றது. உலகெங்கும் மெட்ரோ ரயில்கள் அரசு மானியத்தை நாடுகையில், அக்கூட்டமைப்பு மானியம் எதுவும் கேட்கவில்லை. மாறாக, ஒப்பந்தக் காலத்தில் ரூ. 30,311 கோடியை அரசுக்குத் தருவதாகக் கூறியது. அந்த ஆண்டே, தில்லி மெட்ரோவின் நிர்வாக இயக்குநராக இருந்த இ. ஸ்ரீதரன் மத்தியத் திட்டக் குழுவுக்குக் கடிதம் எழுதி, ரயில் திட்டத்துடன் பெருமளவு நிலத்தைச் சேர்த்து வழங்கும் இம்முறை குறித்து எச்சரித்தார். 2009 ஜனவரியில் சத்யம் நிறுவனத்தின் கணக்கு மோசடி வெளிவந்தது. அதனோடு தொடர்புடைய மேட்டாஸ் கூட்டமைப்பால் நிதி ஏற்பாட்டை முடிக்க இயலவில்லை. 2009 ஜூலையில் ஒப்பந்தம் ரத்தாயிற்று.

மிக உயர்ந்த தொகையைக் கூறி ஏலம் எடுப்பவரே மிகத் திறமையானவர் என்று கொள்ள முடியாது. எதிர்காலத்தை மிக அதிகமாக மதிப்பிட்டவராகவும் அவர் இருக்கலாம். பொருளியலார் இதனை ‘வென்றவரின் சாபம்’ என்பர். ஏலத்தை மதிப்பிடும் அலுவலர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

மறு ஏலத்தில் லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனம் ரூ. 1,458 கோடி மானியம் கேட்டு வென்றது. 2010 செப்டம்பர் 4 அன்று ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ரயில் பாதையும் நிலக் கட்டுமானமும் சேர்ந்து திட்டச் செலவு ரூ. 16,375 கோடி என மதிப்பிடப்பட்டது. மானியம் அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே. எஞ்சியதன் பெரும்பகுதி வங்கிக் கடன்.

இவ்வளவு குறைந்த மானியத்தில் திட்டம் எவ்வாறு நிற்கும்? விடை நிலத்தில் இருந்தது. பணிமனைகளிலும் நிலையங்களிலும் 269 ஏக்கர் நிலத்தில் 1 கோடியே 85 லட்சம் சதுர அடி வரை வணிகக் கட்டடம் எழுப்ப நிறுவனத்திற்கு உரிமை தரப்பட்டது. வருவாயில் ஏறத்தாழ பாதி பயணக் கட்டணத்திலிருந்தும், 45 சதவீதம் நிலக் கட்டுமானத்திலிருந்தும், 5 சதவீதம் விளம்பரம் முதலியவற்றிலிருந்தும் வரும் என்று எதிர்பார்க்கப்பட்டது. பயணிகள் எண்ணிக்கை தொடக்க காலத்தில் நாளொன்றுக்குச் சுமார் 15 லட்சம், பின்னர் 22 லட்சம் என முன்மதிப்பிடப்பட்டது.

இரண்டு வருவாய்கள் இருந்தால் ஒன்று குறைந்தாலும் மற்றொன்று காக்கும் என்று தோன்றும். நெல்லும் வாழையும் பயிரிடும் விவசாயிக்கு ஒன்று பொய்த்தால் மற்றது கைகொடுப்பது போல என்று எண்ணலாம். ஆனால் இரண்டும் ஒரே ஏரிப் பாசனத்தை நம்பியிருந்தால், ஏரி வறண்டால் இரண்டும் வாடும். மெட்ரோவின் கட்டண வருவாயும் வாடகை வருவாயும் அத்தகையவை. பாதை தாமதமானால் பயணிகள் வருவதும் தாமதம். பயணிகள் இல்லாத நிலையத்தில் கடை வாடகைக்கு எடுப்பாரும் இல்லை. நகரின் பொருளாதாரம் தளர்ந்தால் இரண்டும் ஒருசேரத் தளரும்.

நடந்தது என்ன?

கட்டுமானப் பணி 2012இல் தொடங்கியது. நிலம் கையகப்படுத்துவதில் சிக்கல்கள் எழுந்தன. பாரம்பரியக் கட்டடங்கள், வழிபாட்டுத் தலங்கள், பழைய கடைவீதிகள் ஆகியவை காரணமாக வழித்தடம் பற்றிய வாதங்கள் நீண்டன. 2014 ஜூனில் தெலங்கானா தனி மாநிலமாயிற்று. ஒப்பந்தம் புதிய அரசின் பொறுப்பிற்கு வந்தது.

2017 நவம்பர் இறுதியில் மியாப்பூர்–அமீர்பேட்–நாகோல் இடையே முதல் 30 கிலோமீட்டர் திறக்கப்பட்டது. 2018 செப்டம்பரில் எல்.பி. நகர் வரையும், 2019 மார்ச்சில் ஹைடெக் சிட்டி வரையும், 2019 நவம்பரில் ராய்துர்கம் வரையும் ரயில் நீண்டது. 2020 பிப்ரவரியில் ஜூபிலி பேருந்து நிலையத்திற்கும் மகாத்மா காந்தி பேருந்து நிலையத்திற்கும் இடையிலான பகுதி திறக்கப்பட்டது. மொத்தம் சுமார் 69 கிலோமீட்டர். பழைய நகரத்தின் வழியாக ஃபலக்னுமா செல்லும் சுமார் 5.5 கிலோமீட்டர் மட்டும் கட்டப்படவில்லை.

கடைசிப் பகுதி திறந்து ஆறு வாரங்கள் கழித்து, 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் சேவை நிறுத்தப்பட்டது. செப்டம்பரில்தான் மீண்டும் தொடங்கியது. அதற்குப் பின் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் பலவும் வீட்டிலிருந்தே பணியாற்றும் முறையைத் தொடர்ந்தன. 2023 டிசம்பரில் மாநில அரசு பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணத்தை அறிமுகப்படுத்தியது. மக்களுக்குப் பெரும் பயன் தந்த திட்டம் அது. எனினும் 2010இல் ரயில் கட்டணத்தைக் கணக்கிட்ட எவரும் அதனைக் கணக்கில் கொண்டிருக்க இயலாது. பெருந்தொற்றுக்கு முன் நாளொன்றுக்குச் சுமார் 4 லட்சமாக இருந்த பயணிகள் எண்ணிக்கை, 2023 ஜூலையில் ஒரு நாளில் 5 லட்சத்தைத் தாண்டியது. ஆயினும் 15 லட்சம் என்ற இலக்கில் அது மூன்றில் ஒரு பங்கே. நிலத்தைப் பொறுத்தவரை, பஞ்சாகுட்டா, எர்ரமஞ்சில், ஹைடெக் சிட்டி, மூசாரம்பாக் ஆகிய இடங்களில் வணிக வளாகங்கள் எழுந்தன. அனுமதிக்கப்பட்ட மொத்தப் பரப்பில் அவை சிறு பகுதியே.

2025 செப்டம்பரில், முதற்கட்டத் திட்டத்தை நிறுவனத்திடமிருந்து மாநில அரசே ஏற்பது என்று கொள்கை அளவில் உடன்பாடு ஏற்பட்டது. ஏறத்தாழ ரூ. 13,000 கோடிக் கடனை அரசு பொறுப்பேற்பது, நிறுவனத்தின் பங்கு முதலீட்டிற்கு ஈடாகச் சுமார் ரூ. 2,000 கோடி வழங்குவது என்பன அதன் கூறுகள்.

இத்தொகையின் பொருளை ஓர் எளிய கணக்கால் அறியலாம். ரூ. 13,000 கோடிக் கடனுக்கு ஆண்டு வட்டி 9 சதவீதம் என்று பயிற்சிக்காக வைத்துக்கொண்டால், வட்டி மட்டும் ஆண்டுக்கு ரூ. 1,170 கோடி. ஒரு பயணி சராசரியாக 40 ரூபாய் செலுத்துவதாகக் கொண்டால், நாளொன்றுக்கு 4.5 லட்சம் பேரிடமிருந்து ஆண்டுக்குக் கிடைப்பது சுமார் ரூ. 657 கோடி. வட்டியை மட்டும் அடைக்கவே நாளொன்றுக்கு 8 லட்சம் பயணிகள் வேண்டும். மின்சாரம், ஊதியம், பராமரிப்பு ஆகிய செலவுகள் இதற்கு மேல். 15 லட்சம் பயணிகள் வந்திருந்தால் வருவாய் சுமார் ரூ. 2,190 கோடி, திட்டம் தன் காலில் நின்றிருக்கும்.

பயணிகளின் எண்ணிக்கை குறையும் இடரைத் தனியாரே தாங்குவர் என்பது ஒப்பந்தத்தின் அடிப்படை. இறுதியில் அச்சுமை பொதுமக்களின் பணத்திற்கே வந்து சேர்கிறது. ஓடும் ரயிலை எந்த அரசும் நிறுத்திவிட முடியாது என்பதே இதற்குக் காரணம். இன்றியமையாத சேவைகளில் இடரை ஏட்டளவில் மாற்றலாம். முழுவதுமாகக் கைகழுவ இயலாது.

பிற நகரங்களின் அனுபவம்

ஐதராபாத் மட்டும் விதிவிலக்கன்று. பென்ட் ஃப்ளூபியர்க் என்ற டென்மார்க் அறிஞரும் அவருடைய குழுவினரும் 14 நாடுகளில் 210 போக்குவரத்துத் திட்டங்களை ஆராய்ந்து 2005இல் முடிவுகளை வெளியிட்டனர். பத்து ரயில் திட்டங்களில் ஒன்பதில் பயணிகள் எண்ணிக்கை மிகையாக மதிப்பிடப்பட்டிருந்தது. உண்மையில் வந்தவர்கள் மதிப்பீட்டைவிடச் சராசரியாக 51 சதவீதம் குறைவு. சாலைத் திட்டங்களில் பாதியில் மதிப்பீட்டிற்கும் உண்மைக்கும் இடையே 20 சதவீதத்திற்கு மேல் வேறுபாடு இருந்தது. ஆனால் அது இரு பக்கமும் இருந்தது. ரயிலில் பிழை ஒரே பக்கம் சாய்வதைத் தற்செயல் என்று கூற இயலாது. திட்டத்திற்கு ஒப்புதல் பெற விரும்புவோரே மதிப்பீட்டையும் தயாரிக்கும்போது எண்கள் உயர்வது இயல்பு.

தில்லியில் 2011இல் தனியார் இயக்கத்தில் தொடங்கிய விமான நிலைய விரைவு ரயிலை 2013இல் தில்லி மெட்ரோ நிறுவனம் ஏற்க நேர்ந்தது. குர்கான் விரைவு மெட்ரோ 2019இல் அரசுத் துறையின் கைக்கு வந்தது. கோலாலம்பூரில் 1990களில் தனியார் கட்டிய இரண்டு இலகு ரயில் பாதைகளின் கடனை 2000களின் தொடக்கத்தில் மலேசிய அரசு ஏற்றது. சென்னையில் 1995இல் சேப்பாக்கம் வரையும், 1997இல் மயிலாப்பூர் வரையும், 2007இல் வேளச்சேரி வரையும் நீண்ட பறக்கும் ரயில், பேருந்துகளுடன் சரிவர இணைக்கப்படாமையால் நெடுங்காலம் எதிர்பார்த்த பயணிகளைப் பெறவில்லை. நிலையங்களில் எழுப்பிய பெரும் கட்டடப் பரப்பும் பயனின்றிக் கிடந்தது.

ஹாங்காங்கில் மட்டும் ரயிலும் நிலமும் சேர்ந்து வெற்றி கண்டன. அங்கே நிலம் அரிது. குடியிருப்பு மிக அடர்த்தி. ரயில் வருவதற்கு முந்தைய விலையில் நில உரிமை ரயில் நிறுவனத்திற்குத் தரப்பட்டது. நகரத் திட்டமும் ரயில் திட்டமும் ஒருங்கே வகுக்கப்பட்டன. வெளிவட்டச் சாலையால் எல்லாத் திசையிலும் புதிய நிலம் திறந்துவிடப்பட்ட ஐதராபாத்தில் இந்நிலை இல்லை. கட்டட முதலீட்டிற்கு மேற்கே தாராளமாக இடம் இருந்தபோது, நிலையத்தை ஒட்டிய நிலத்திற்குத் தனி மதிப்பு எதிர்பார்த்த அளவு உயரவில்லை. ஒரே நகரத்தில் அரசு முன்னெடுத்த இரு திட்டங்கள் ஒன்றுக்கொன்று போட்டியாக அமைந்ததை எந்தத் தனி மதிப்பீடும் காட்டியிராது.

வெளிவட்டச் சாலையும் நீர்நிலைகளும்

சாலையில் இடர் வேறு வகையில் கையாளப்பட்டது. வெளிவட்டச் சாலையை அரசே கட்டி முடித்தது. போக்குவரத்து எவ்வளவு என்பது கண்கூடாகத் தெரிந்த பின், 2023இல் 30 ஆண்டுகளுக்குச் சுங்கம் வசூலித்து இயக்கும் உரிமையை ரூ. 7,380 கோடிக்குத் தனியாருக்கு வழங்கியது. கட்டுமானக் கால இடரை அரசு தாங்கிய பிறகு உரிமை கைமாறியதால், வாங்குவோரின் ஐயம் குறைகிறது. எனினும் இங்கும் முன்மதிப்பீடே விலையை நிர்ணயிக்கிறது. வருங்கால வாகன எண்ணிக்கையை அரசு குறைவாக மதிப்பிட்டால், முப்பது ஆண்டு வருவாயை மலிவாக விற்றதாகும். மிகை மதிப்பீடு போலவே குறை மதிப்பீடும் பொதுமக்களுக்கு நட்டமே.

நில வளர்ச்சியை முன்மதிப்பிடுவோர் பயணங்களை மட்டும் எண்ணினால் போதாது. மழைநீரையும் எண்ண வேண்டும். 1908 செப்டம்பரில் மூசி ஆற்று வெள்ளம் ஐதராபாத்தில் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. பொறியாளர் மோ. விசுவேசுவரய்யாவின் ஆலோசனையைத் தொடர்ந்து உஸ்மான் சாகர் 1920இலும் ஹிமாயத் சாகர் 1927இலும் அமைந்தன. அவற்றின் நீர்ப்பிடிப்பைக் காக்க 1996இல் அரசாணை எண் 111 வாயிலாக 84 கிராமங்களில் கட்டுமானம் கட்டுப்படுத்தப்பட்டது. 2022 ஏப்ரலில் அக்கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. புதிய சாலை எந்த ஏரியின் பக்கம் செல்கிறதோ அந்த ஏரியை நோக்கி மனைப்பிரிவுகளும் செல்லும். 2020 அக்டோபர் பெருமழையில் ஏரிகளின் வழியடைத்து எழுந்த குடியிருப்புகள் மூழ்கியது இதன் விளைவே.

இடரை ஆளும் வழிகள்

இவ்வனுபவத்திலிருந்து திட்ட அலுவலர்களும் மாணவர்களும் கைக்கொள்ளத்தக்க நெறிகள் சில உண்டு.

முதலாவது, ஒற்றை எண்ணுக்குப் பதில் எல்லைகளைத் தருதல். ‘15 லட்சம் பயணிகள்’ என்று கூறுவதற்குப் பதிலாகத் தாழ்நிலை, நடுநிலை, உயர்நிலை என மூன்று எதிர்காலங்களை வரைந்து, தாழ்நிலையிலும் கடனை அடைக்க முடியுமா என்று சோதிக்க வேண்டும்.

இரண்டாவது, ஒப்பான திட்டங்களின் வரலாற்றைக் கொண்டு திருத்துதல். இதே வகைத் திட்டங்களில் பிற நகரங்களில் மதிப்பீட்டில் பாதியே பலித்தது என்றால், இங்கு மட்டும் முழுவதும் பலிக்கும் என்பதற்குத் தக்க காரணம் காட்டப்பட வேண்டும்.

மூன்றாவது, படிப்படியாகக் கட்டுதல். முதற்பகுதியின் பயன்பாட்டைப் பார்த்து அடுத்த பகுதியின் அளவையும் காலத்தையும் முடிவு செய்யலாம். தாமதமோ விலை மிக்கது. ஆண்டுக்கு 9 சதவீத வட்டியில் வாங்கிய ரூ. 1,000 கோடி, மூன்றாண்டுத் தாமதத்தில் ஏறத்தாழ ரூ. 1,295 கோடியாகிவிடும். ஆகவே நிலம் கைக்கு வந்த பின்னரே பெருங்கடன் வாங்குவது நலம்.

நான்காவது, இடரைத் தாங்க வல்லவரிடம் ஒப்படைத்தல். கட்டுமானச் செலவைக் கட்டுப்படுத்தக் கட்டுநரால் இயலும். பேருந்துக் கட்டணம், நில ஒழுங்குமுறை, புதிய சாலைகள் ஆகியவை அரசின் கையில் உள்ளன; அவற்றால் நேரும் பயணிகள் குறைவைக் கட்டுநர் மீது சுமத்தினால், அவர் தோல்வியுறும் நாளில் சுமை அரசுக்கே திரும்பும். குறைந்தபட்ச எல்லைக்குக் கீழே நட்டத்தையும், உயர்ந்தபட்ச எல்லைக்கு மேலே ஆதாயத்தையும் இரு தரப்பும் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாட்டை ஒப்பந்தத்திலேயே எழுதலாம்.

ஐந்தாவது, தொடர்ந்து அளத்தல். கட்டட அனுமதிகள், மின் இணைப்புகள், பேருந்துச் சீட்டு விற்பனை, நிலப் பதிவுகள் ஆகியவை நகரத்தின் போக்கை ஆண்டுதோறும் காட்டும் அளவுகோல்கள். அரசுத் துறைகளிடம் இவை ஏற்கெனவே உள்ளன. இவற்றை ஒன்றுதிரட்டி மதிப்பீட்டைத் திருத்தி வந்தால், பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் மக்கள்தொகைக் கணக்கிற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆறாவது, மதிப்பீட்டைத் தயாரிப்போரும் திட்டத்தால் ஆதாயம் பெறுவோரும் வேறு வேறாக இருத்தல். கணக்கின் அடிப்படைகள் வெளியிடப்பட்டு, கல்வி நிறுவனங்களின் ஆய்வுக்கு உட்படுதல் நன்று.

அடுத்த கட்டம்

ஐதராபாத் இப்போது மீண்டும் அதே வினாக்களின் முன் நிற்கிறது. 2024 மார்ச்சில் பழைய நகர மெட்ரோ பகுதிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் விமான நிலையம் உட்பட ஐந்து வழித்தடங்களில் 76.4 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் கட்டத் திட்டம் மத்திய அரசின் ஒப்புதலுக்கு அனுப்பப்பட்டது. இம்முறை மத்திய, மாநில அரசுகளின் கூட்டு நிறுவனமாகத் திட்டம் முன்மொழியப்பட்டிருப்பது, முதற்கட்டத்தின் பாடம் ஓரளவு உணரப்பட்டதைக் காட்டுகிறது. ஆனால் உரிமையாளர் மாறுவதால் மட்டும் மதிப்பீடு துல்லியமாகிவிடாது. தவறினால் வரும் செலவு நேரடியாக அரசுக் கருவூலத்தில் விழும் என்பதால் கூடுதல் கவனமே தேவை.

பயணிகள் எண்ணிக்கை மட்டும் திட்டத்தின் பயனை அளந்துவிடாது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். வருங்கால நில மதிப்பை நம்பி வகுத்த பாதைகளில் முதலில் விடுபட்டது, மக்கள் ஏற்கெனவே நெருக்கமாக வாழும் பழைய நகரப் பகுதி. நாளை வரக்கூடிய குடியிருப்பு மதிப்பீட்டிற்கு உரியது; இன்று பேருந்துக்காகக் காத்து நிற்போரின் எண்ணிக்கையைச் சாலையில் நின்றே கணக்கிடலாம். இரண்டாம் கட்டத்தின் வழித்தடங்களை வரிசைப்படுத்தும்போது, உறுதியாகத் தெரிந்த இத்தேவைக்கு முதலிடம் அளிப்பது நீதிக்கும் உகந்தது. இடரைக் குறைக்கும் வழியும் அதுவே.